வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும்

மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் யாரும் இரண்டாம் தடவை சிரித்ததில்லை. ஒரு சிரிப்புக்கு ஒரு கிளிக். அவ்வளவுதான், எழுந்து போகலாம். தெரு ஜனங்கள் போட்டோக்காரருக்கு ‘ஒரே கிளிக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார். “இன்னொண்ணு எடுத்துக்கலாமே சார்” என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “எதுக்கு? அதுக்குள்ள உங்க முகம் மாறிடப் போகுதா?” என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பூட்டை ஏழு தடவை எடுத்தார். ஏழு தடவையும் சாவித் துவாரம் மங்கலாகவே விழுந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். அதற்காக ஒரே காலை நேரத்தில் ஏழு தடவையா சறுக்கும்?

பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் பூட்டுக் கம்பெனிக்கு வருஷா வருஷம் கேட்லாக் போட்டுக் கொடுப்பது அவர்தான். நூற்றிருபது பூட்டுகள். பூட்டை எடுப்பது முகத்தை எடுப்பது மாதிரி இல்லை. முகம் கொஞ்சம் மங்கினால் ‘சாஃப்டா இருக்கு’ என்று சந்தோஷப்படுவார்கள். பூட்டு வாங்குகிறவன் சாவித் துவாரத்தைத்தான் பார்ப்பான், அது கத்தி மாதிரி விழ வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் கேமராவின் தானியங்கி ஃபோகஸ் ஏமாந்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அவர் அந்த விசையை அணைத்து, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, கையாலேயே வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்வார். “மெஷினுக்கு என்ன தெரியும்? என் கண்ணுதான் ஃபோகஸ்” என்று சொல்லாத நாளில்லை.

கேமராவும் லேசுப்பட்டதல்ல. கல்யாணமான புதிதில் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து போய் வாங்கிய டிஎஸ்எல்ஆர். பதினைந்து வயது. கறுப்பு, கனம், கை பட்டுப் பட்டுப் பிடி தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. எடுத்து முடித்த படத்தைக் காட்ட முதுகில் தீப்பெட்டி அளவு திரை உண்டு. எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டுமென்றால் வியூஃபைண்டர் துவாரத்தில் கண்ணை ஒட்டவைத்தே ஆக வேண்டும். அமுக்கினால் உள்ளே கண்ணாடி எகிறி ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், கைக்குழந்தைகூட ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு யார் என்று பார்க்கும். யானை படுத்தாலும் குதிரை மட்டம். இன்றைக்கும் வெயிலில் ஓடும் பிள்ளையைப் பிடிக்க அதை விட்டால் ஆள் இல்லை.

அந்த வியூஃபைண்டரின் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு சக்கரம் இருக்கிறது. பார்க்கிறவரின் கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்வதற்கானது. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்பினால் தெளிவாகத் தெரியும். பெரும்பாலான கேமராக்காரர்கள் அதை ஒரு தடவை திருப்பிவிட்டு ஜென்மத்துக்கும் மறந்துவிடுவார்கள். இந்த வீட்டில் அப்படி முடியாது, ஒரு கேமரா, இரண்டு பேர். குழந்தைகளையும் கூச்சப்படும் பெண்களையும் மனைவிதான் எடுப்பாள். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவதும் அவள்தான். அதனால் தெருவில் அவளுக்கு ‘டச்சப் அக்கா’ என்று பெயர். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. ஆகவே சக்கரத்தின் ஓரத்தில் அவள் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள், அது அவளுடைய கண். அவர் ஒயிட்னரால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார், அது அவருடைய கண். கேமராவை யார் கையில் எடுக்கிறார்களோ அவர்கள் தங்கள் புள்ளிக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். கல்யாணத்தில் எத்தனையோ சண்டை வந்தது, இந்த ஏற்பாட்டில் மட்டும் வந்ததில்லை.

சரி, ஏழாவது தடவைக்கு வருவோம். குற்றம் பூட்டில் இல்லை, கேமராவில் இல்லை, விளக்கில் இல்லை. குற்றம் ஒரே கிளிக்கின் வலது கண்ணில் இருந்தது. அது அவருக்கும் தெரியும், ஒரு வருஷமாகவே தெரியும்.

முதலில் யாரோ கண்ணாடியில் மூச்சு விட்டுவிட்டுத் துடைக்காமல் போன மாதிரி இருந்தது. லென்ஸைத் துடைத்தார். வியூஃபைண்டரைத் துடைத்தார். ஸ்டூடியோ பல்புகளையெல்லாம் மாற்றினார். பிறகு சக்கரத்தை வெள்ளைப் புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். அட, தெளிந்தது. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். இடது கண்ணால் பார்க்கலாமென்று முயன்றால் மூக்கு திரையில் இடித்தது, படமெல்லாம் கோணல். கடைசியில் போட்டோ பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கண் டாக்டரிடம் போனார். “புரை விழுந்திருக்கு. இருபது நிமிஷ வேலை. எப்ப வச்சுக்கலாம்?” என்று டாக்டரம்மா முடிவெட்டிக்கொள்ளக் கூப்பிடுவது மாதிரி கேட்டார். ஒரே கிளிக் “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தவர்தான், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை.

காரணம் அவருடைய பெரியப்பா. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே புரைக்குக் கத்தி வைத்துக்கொண்டார். கட்டு அவிழ்த்தபோது அந்தக் கண் போயிருந்தது. அதன்பின் அவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததைச் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தவர் இவர். கண்ணால் பிழைக்கிறவன் கண்ணில் கத்தி வைக்க விடுவானா? பயந்தார். வெளிப்படையாகச் சொன்னால், ராத்திரி படுத்தால் அதே நினைப்பாகப் பயந்தார்.

பூட்டுக் கம்பெனி மேனேஜர் செவ்வாய்க்கிழமை காலையில் படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் ஒரு கவர்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இந்த நாற்பத்து மூணு படத்துலயும் சாவி ஓட்டை மங்கலா இருக்கு. எங்க பாஸ் பார்த்துட்டு, இது நம்ம ஆள் எடுத்ததான்னு கேட்டார்.”

“பாலிஷ் மாத்திட்டீங்க போல. வெளிச்சம் தெறிக்குது” என்றார் ஒரே கிளிக்.

“பாலிஷெல்லாம் அதே பாலிஷ்தான் சார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். வியாழக்கிழமைக்குள்ள முடியுமா, முடியாதா? முடியலைன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.”

“முடியும்” என்றார். மனைவி கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் இறங்கிப் போனதும் ஒரே கிளிக் எடுத்தவைதான் அந்த ஏழு படங்கள்.

மறுநாள் காலை மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். வாய் ஓயாத ஆள். சட்டைப் பையிலிருந்து உருளையாக எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தான். காபி டம்ளரைப் பாதியாக வெட்டியது போல இருந்தது.

“என்ன மாப்ளே இது, லென்ஸைத் தனியா கழட்டிட்டு வந்திருக்கே? மிச்சம் எங்கே?”

“மிச்சம் எதுவும் கிடையாது மாமா. இதுதான் கேமரா. மொத்தமும் இதுக்குள்ளேயே இருக்கு.”

“திரை?”

“போன்தான் திரை. இப்படிப் போன் முதுகுல கவ்விக்கும். கவ்வ வேண்டாம்னா தனியா எங்கே வேணும்னாலும் வைங்க, படம் கம்பியில்லாமலே போனுக்கு வந்துடும்.”

“கண்ணு வைக்கிற ஓட்டை?”

“அதெல்லாம் இல்லை.”

ஒரே கிளிக் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “தலையை மட்டும் வெட்டி எடுத்துட்டு வந்திருக்கான், இதுக்கு உடம்பு போனாம்” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். “யாருக்கு இது?”

“எனக்குத்தான்” என்றாள் அவள். “குழந்தைங்களை எடுக்க லேசா இருக்குமேன்னு தம்பிகிட்ட சொல்லி வச்சிருந்தேன். உங்க பெரிய கேமராவோட ஒரு தடவை ஒப்பிட்டுத்தான் பாருங்களேன். வாய்ச்சவடால் எதுக்கு?”

மேஜைமேல் கறுப்புத் துணி விரித்து, அதே பித்தளைப் பூட்டை வைத்து, போட்டி ஆரம்பித்தது. மச்சான் நடுவர். முதல் சுற்றைப் பெரிய கேமரா அலட்டிக்கொள்ளாமல் வென்றது. ஒரே கிளிக் விசையைத் தட்டிய மறு நொடி டிஎஸ்எல்ஆர் தயார். புதியதோ போனைத் தேடித் தேடி, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “என்ன மாப்ளே, பொண்ணு பார்க்கப் போயிருக்கா? எப்ப வரும்?” என்றார். ஒருவழியாக இணைந்ததும் மச்சான் பூட்டை நகர்த்தினான். போனில் பூட்டு அரை நொடி கழித்து நகர்ந்தது. “ஓடுற பிள்ளையை இதுல எடுத்தா, பிள்ளை ஸ்கூலுக்குப் போனப்புறம்தான் படத்துல வரும்” என்று ஒரே கிளிக் சிரித்தார். சின்னதின் பேட்டரியும் சின்னது என்பதை மச்சான் தானே ஒப்புக்கொண்டான். கையில் பிடித்தால் பிடி என்று எதுவும் இல்லை, வழுக்கியது. டிஎஸ்எல்ஆர் கையோடு கைகுலுக்குவது மாதிரி உட்காரும்.

“சரி மாமா, ஓடாத பொருளுக்கு வருவோம். சாவி ஓட்டையை எடுங்க.”

இங்கே அவர் சிரிப்பு நின்றது. டிஎஸ்எல்ஆரைக் கண்ணில் வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, சக்கரத்தைக் கடைசிவரை தள்ளினார். இனிமேல் தள்ள இடமில்லை. துவாரம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பஞ்சு தெரிந்தது. குருட்டாம்போக்கில் அமுக்கினார்.

அடுத்தது சின்னது. மனைவி அதைப் போனிலிருந்து கழற்றி, கட்டைவிரல் உயரத் தாங்கியில் பூட்டுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். போனை அவர் கையில் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். “திரையில, துவாரத்துமேல விரலை வைங்க” என்றாள். வைத்தார்.

போன் திரை முழுக்கச் சாவித் துவாரம் விரிந்தது. ஓரத்தில் அரம் போட்ட கோடுகள். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பித்தளைத் தகடுகள். மூன்றாவது தகட்டில் ஒரு துளி எண்ணெய். அந்த எண்ணெயில் ஸ்டூடியோ ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் நாலு கம்பிகள்கூடத் தெரிந்தன. ஒரே கிளிக் ஒரு வருஷமாக எந்தப் பொருளையும் இவ்வளவு கிட்டே, இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தார், கை நீட்டும் தூரத்தில், எதையும் முகத்தில் ஒட்டிக்கொள்ளாமல். நல்ல இடது கண் வேலை முழுவதையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

“அடேங்கப்பா” என்றார் மெதுவாக. பிறகு அமுக்கினார். ஒரே கிளிக்.

“மூர்த்தி சிறிசானாலும் கீர்த்தி பெரிசுன்னு ஒத்துக்கறீங்களா மாமா?”

“ஒத்துக்கறேன்டா. இதைச் செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும். இவ்வளவு சின்ன உடம்புக்குள்ள இத்தனை கண்ணாடியை எப்படி அடுக்கினான்?” அவருக்குப் பொறாமையே வரவில்லை. நல்ல வேலையைப் பார்த்தால் நல்ல வேலைக்காரனுக்கு வரும் சந்தோஷம்தான் வந்தது. மாலைக்குள் நாற்பத்து மூன்று பூட்டும் முடிந்தது. பாதியில் இரண்டு தடவை பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது, மூன்று தடவை போனோடு பிணக்கு. அதற்காக அவர் ஒரு தடவைகூடத் திட்டவில்லை. சின்னதைத் தாங்கியில் தாழ்த்தி வைத்தார், பக்கவாட்டில் வைத்தார், பெட்டிக்குள் வைத்தார். பெரிய கேமரா நுழைய முடியாத இடத்திலெல்லாம் அது எலி மாதிரி நுழைந்து பார்த்துச் சொன்னது.

மச்சான் கடை திறக்க எப்போதோ போய்விட்டிருந்தான். மனைவி படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திருத்த எதுவும் இருக்கவில்லை. ஒரே கிளிக் நாற்காலியில் சாய்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இது இருந்தால் போதுமே. வலது கண் எக்கேடு கெட்டால் என்ன? டாக்டரும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

“ஏம்மா” என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. “பெரிய கேமராவை யாருக்காவது தள்ளிவிட்டுடலாமா? கனம் தாங்கலை. இதுவே போதும்னு தோணுது.”

அவள் மவுஸை விட்டுக் கையை எடுத்தாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“நேத்து வரைக்கும் என் உசுருன்னு சொன்ன கேமரா.”

“நல்லதுக்கு நல்லதுன்னு சொல்ல வேண்டாமா?”

“பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போயிடுமாங்க?”

“என்ன சொல்றே?”

அவள் எழுந்து போய்ப் பெரிய கேமராவை எடுத்து வந்தாள். சக்கரத்தை அவருக்கு நேரே பிடித்தாள். அது கடைசி முனையில் நின்றது. வெள்ளைப் புள்ளி எங்கேயோ கிடந்தது. காலைப் போட்டியில் அவர் தள்ளி விட்ட இடத்திலேயே இருந்தது.

“இன்னிக்குப் பார்த்துக் கேட்கலை” என்றாள். “ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் நீங்க எடுத்து முடிச்சு, குழந்தையை எடுக்கச் சொல்லி என் கையில கேமராவைக் குடுத்தீங்க. நான் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்க்கிறேன், எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. சக்கரத்தைத் திருப்பவே இல்லை. நீங்க விட்ட இடத்துலயே எனக்குத் தெரிஞ்சுது. பதினஞ்சு வருஷத்துல அப்படி நடந்ததே இல்லை. உங்க கண்ணு என் புள்ளிக்கு வந்து நின்னுடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.”

அவர் விரலால் வெள்ளைப் புள்ளியைத் தேடித் தொட்டார்.

“ரெண்டு மாசம் ரெண்டு பேரும் ஒரே புள்ளியில இருந்தோம். அப்புறம் நீங்க என்னையும் தாண்டிப் போயிட்டீங்க.” அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. “நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன். நீங்க சொல்லலை. நான் கேட்டா ஒண்ணுமில்லேம்பீங்க, சண்டை வரும். படம் மங்கினா கம்ப்யூட்டர்ல ஏத்தி ஏத்திச் சரி பண்ணினேன். எத்தனை நாளைக்கு?”

“பெரியப்பாவைப் பார்த்தவன் நான்” என்றார் அவர். “கண்ணு போனா எனக்கு என்ன இருக்கு சொல்லு. பயமா இருக்கு. உன்கிட்ட சொன்னா நீ இழுத்துட்டுப் போயிடுவியோன்னு பயம்.”

“அந்தப் பயம் நியாயமான பயம்தான்” என்றாள். “உங்க பெரியப்பா காலத்துல போட்டோ எப்படி எடுத்தாங்க?”

“பெட்டிக் கேமரா. முக்காலி. அசையாம நிக்கணும். அரை டஜன் எடுத்தா ரெண்டு தேறும்.”

“இப்போ?”

அவர் மேஜைமேல் இருந்த பாதி டம்ளரைப் பார்த்தார்.

“காலையில அந்தச் சின்னதைப் பார்த்து, செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு சொன்னீங்க. கேமரா இவ்வளவு மாறும்னு நம்புறீங்க. கண் டாக்டருங்க மட்டும் நாற்பது வருஷமா அதே கத்தியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களா? அவங்களும் மங்கின லென்ஸை எடுத்துட்டுப் புது லென்ஸ் வைக்கிறாங்க, அவ்வளவுதானே. உங்க தொழில்தானே அது?”

பதினைந்து வருஷமாக எல்லாச் சண்டையிலும் கடைசிப் பேச்சு அவருடையதாகவே இருந்தது. இன்றைக்கு அது போயிற்று, போனதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

“அந்தச் சின்ன கேமரா குழந்தைங்களுக்குன்னு சொன்னது பொய்” என்றாள் அவள். “டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டேன். நீங்க ஏற்கெனவே வந்துட்டுப் போனதை அவங்கதான் சொன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் கண்ணை எதுலயும் அழுத்தக் கூடாதாம், கனம் தூக்கக் கூடாதாம். பெரிய கேமராவைக் கண்ணுல அழுத்தாம உங்களால ஒரு நாள் இருக்க முடியுமா? கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சுடும் உங்களுக்கு. அதான் கண்ணு ஒட்ட வேண்டாத கேமராவா ஒண்ணு தேடுன்னு தம்பிகிட்ட சொன்னேன். மூணு மாசம் தேடினான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது என்று அவர் நினைத்த பொருள், அவரை வெளியே கொண்டுவர அவள் தேடி வாங்கியது. அழுதார். மறைக்கவில்லை. மறைத்தது போதும் என்றிருந்தது.

“எப்போ?” என்று கேட்டார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“திங்கட்கிழமை பத்து மணி. ரெண்டு வாரம் முன்னாடியே எழுதி வச்சுட்டேன்.”

“என்னைக் கேட்காமலா?”

“நீங்க மட்டும் என்னைக் கேட்டுட்டா டாக்டர்கிட்ட போனீங்க?”

திங்கட்கிழமை அவர் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தார். உள்ளே போனதும் டாக்டரம்மாவிடம், “புது லென்ஸ் நல்ல கம்பெனிதானே?” என்று கேட்டாராம். நர்ஸ் சிரித்துவிட்டாள். இருபது நிமிஷம் என்றார்கள், பதினாறு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். மறுநாள் கட்டு அவிழ்த்தபோது அவர் முதலில் பார்த்தது மனைவியின் கண்ணாடியில் இருந்த கீறலை. “இதை எப்போ கீறினே?” என்றார்.

“ரெண்டு வருஷம் ஆச்சு” என்றாள்.

அந்த ஒரு மாதமும் சின்ன கேமராதான் வீட்டைக் காத்தது. பாஸ்போர்ட் படம், கடைப் பொருள், மேனேஜரின் புதுப் பூட்டு வகைகள், எல்லாம் அதில்தான். வாடிக்கையாளர்கள் முதல் முறையாக ஒரே கிளிக்கின் முழு முகத்தையும் பார்த்துச் சிரித்தார்கள். “சார், நீங்க இவ்வளவு லட்சணமா இருப்பீங்கன்னு தெரியாது, இத்தனை நாளும் கறுப்புப் பெட்டிதான் தெரிஞ்சுது” என்று மருந்துக் கடைக்காரர் கிண்டலடித்தார். ஒரே கிளிக்கும் யார் வந்தாலும் அந்தப் பாதி டம்ளரைக் கையில் கொடுத்து, அதன் பெருமையைப் பாடாமல் விட்டதில்லை.

மாதம் முடிந்து, டாக்டரம்மா தலையாட்டிய அன்று மத்தியானம் அவர் அலமாரியைத் திறந்தார். பையிலிருந்து பழைய டிஎஸ்எல்ஆரை எடுத்தார். என்ன கனம்! உள்ளங்கை அதன் பிடியைத் தேடிப் போய் உட்கார்ந்தது. மனைவி கம்ப்யூட்டர் முன்னால், இந்தப் பக்கம் திரும்பாமல் வேலையாக இருந்தாள்.

புதுக் கண்ணை வியூஃபைண்டரில் வைத்தார். கடைசியாக விட்டபோது சக்கரம் முனையில் நின்றது அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு பல்லாகப் பின்னால் திருப்ப வேண்டியிருக்கும் என்று விரலை அதன்மேல் கொண்டுபோனார்.

திருப்ப வேண்டியிருக்கவில்லை. உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவள் காதோரத்து நரை, கழுத்துச் சங்கிலியின் கொக்கி, மவுஸின் மேலிருந்த விரல். கேமராவை இறக்கிச் சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளைப் புள்ளியில் நின்றது. இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் திருப்பி வைப்பதில்லை என்பதுதான் வழக்கம். பையில் வைக்கும்போதே அவள் திருப்பி வைத்திருந்தாள், ஆபரேஷனுக்கு முன்பே.

“இந்தப் பக்கம் திரும்பேன்” என்றார்.

அவள் திரும்பினாள். டக் என்றது.

“இன்னொண்ணு எடுக்கலாமா?” என்று அவர் கேட்டார்.